ஜிஆர்இ பதிவு: பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, எப்படி நிரப்புவது?

வணக்கம். நம் ஊர் பாஸ்போர்ட் பலவற்றில் சர்நேம் கட்டம் காலி. அப்பா பெயரும் கிவன் நேமிலேயே இருக்கும். வெளிநாட்டில் மேற்படிப்புக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வின் பதிவிலோ பெயர் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட்டில் "குமார்" என்று விரிந்திருக்க, இங்கே "கே" என்று இனிஷியல் போட்டால் மையத்தில் திருப்பி அனுப்பிவிடலாம், கட்டணமும் போச்சு.

இப்படிப்பட்ட பாஸ்போர்ட்டோடு பதிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: முழுப்பெயரையும் எந்தக் கட்டத்தில் போட்டீர்கள்? மதிப்பெண் அறிக்கையில் எப்படி வந்தது? பல்கலைக்கழகம் ஏதும் கேட்டதா?

கூடவே, சென்னை மையங்களில் அக்டோபர் தேதிகள் எவ்வளவு முன்னதாக நிரம்புகின்றன? டிசம்பர் விண்ணப்பக் கெடு இருப்பவர்களுக்கு இது முக்கியம். மறுபடி எழுத 21 நாள் இடைவெளி வேண்டும், மதிப்பெண் வர 8 முதல் 10 நாள்.