அப்பாவின் குடி நம் குடித்தனத்துக்குள்ளும் வந்ததா? உங்கள் அனுபவம்

செந்தூல்:
சம்பள நாள் ராத்திரி எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார். கல்யாணமாகி 6 வருஷம், பீர்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் அவர் வேலை முடிந்து வந்ததும் பையை வாங்குகிற சாக்கில் மூச்சை மோந்து பார்ப்பேன். ஃபிளாட்டில் அப்பா கதவைத் திறக்கும் சத்தத்தை வைத்தே கணக்குப் போட்டு வளர்ந்தவள் நான். சாவி ஒரே தடவையில் நுழைந்தால் சோறு உண்டு. தடவித் தடவித் தேடினால் தம்பியை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட வேண்டும்.

போன வாரம் என் 4 வயது மகன் ஓடிப் போய் அவர் மடியில் ஏறினான். வாய்ப் பக்கம் மூக்கை வைத்து மோந்தான். என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒன்னுமில்லம்மா" என்றான். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பட்டர்வொர்த்:
அப்பா தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் காவடி எடுப்பார். 48 நாள் விரதம். அந்த 48 நாள்தான் எனக்கு அப்பா இருந்தார். சைக்கிள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது அப்போதுதான். பாதி பழகியதும் விரதம் முடிந்துவிட்டது. மீதியை நானே விழுந்து எழுந்து பழகினேன். இப்போது என் மகள் சைக்கிள் கேட்கிறாள், மூன்று மாதமாகத் தள்ளிப் போடுகிறேன். 48 நாள் விட முடிந்தவர் 49-ஆம் நாள் ஏன் தொட்டார்? மனசில்லை, அவ்வளவுதான்.

ஜாலான் ஈப்போ:
தம்பி, மனசில்லை என்று லேசாகச் சொல்லிவிடாதே. அது வியாதி. என் அப்பா சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்தவர். நிறுத்த வைக்கிறோம் என்று அறையில் பூட்டினோம். இரண்டாம் நாள் வலிப்பு. வாயில் கரண்டியைத் திணித்தேன், பல் உடைந்தது. அதைச் செய்யவே கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவரை ஒரேயடியாக நிறுத்த வைத்தால் உயிருக்கே ஆபத்து. முதலில் அரசாங்க கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். அடி உதை இருந்தால் மலேசிய அரசாங்க உதவி எண் 15999-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். சமூக நல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம், போலீஸ் புகார் தேவையில்லை, 7 நாள் செல்லும். செந்தூல் தங்கச்சி, அப்பாவை உடனே டாக்டரிடம் காட்டும்மா.

செந்தூல்:
அப்பா தவறி 9 வருஷம் ஆகிறது, அண்ணா. நேற்று என் வீட்டுக்காரர் வந்தபோது நான் அடுப்படியை விட்டு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மகன் மட்டும் போனான்.