“தோலு நனைஞ்சிருச்சா?”: ஸ்பெக்ட்ரல் ரீசிந்தசிஸில் யாருக்கு என்ன நடந்தது?

லயத்துப்பையன்
போன திருவிழாவில் நடந்தது, இன்னும் குடைகிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில். உறுமியைக் கைப்பேசியில் பிடித்தேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வருமே, அந்த உறுமலும் நடுவில் நாலு அடியும். மொத்தம் எட்டு விநாடி. சிந்தில் (ஒலியைக் கட்டும் மென்பொருள்) போட்டு, ரீசிந்தசிஸ் செய்து, அதாவது ஒலியை அலை அலையாகப் பிரித்து மறுபடி கட்டி, ஸ்ட்ரெச்சை இழுத்தால் எட்டு விநாடி ஒரு நிமிடமாகிறது, சுருதி கொஞ்சமும் இறங்கவில்லை. ஒரே பெருமை எனக்கு.

மறுநாள் ஒட்டுக்கடையில் பழைய உறுமி வாத்தியார் ஒருவர் பசியாறிக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கொடுத்தேன். ரொட்டி சானாய் கையிலேயே நிற்க, கண்ணை மூடிக் கேட்டார். தேய்ப்பு ஓடும்வரை தலையாட்டினார். அடி வந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

“யாரு தம்பி வாசிச்சது? மழையிலயா? தோலு நனைஞ்சிருச்சா?”

அன்று கொளுத்தும் வெயில்.

பெரட்டுமணி
விண்டோவை, அதாவது கணக்கு ஒரு தடவைக்கு எடுக்கிற ஒலித்துண்டை, 4096 மாதிரிகளில் வைத்திருப்பீர்கள், வேறென்ன. விநாடிக்கு 44,100 மாதிரி எடுக்கிற பதிவில் அது 93 மில்லிவிநாடி. அந்த 93க்குள் அடி எங்கே விழுந்தது என்று கணக்குக்குக் கவலையில்லை, முழுவதும் பூசிவிடும். அடிக்கு முன்னாலேயே ‘ஷ்ஷ்’ என்று ஒன்று கிளம்பியிருக்குமே, கேட்டீர்களா? 1024க்கு இறக்குங்கள், 23 மில்லிவிநாடி ஆகிவிடும். வேலை முடிந்தது. எனக்கும் தப்பு (பறை) மேளத்தின் சத்தத்தில் இதேதான் நடந்தது, சொல்ல வேறு கதை இல்லை.

செம்பனைக்காடு
மணி அண்ணே, பாதியைத்தான் சொன்னீர்கள். கணக்கு சுருதிகளைக் கட்டம் கட்டமாகத்தான் பிரிக்கும். 1024 போட்டால் ஒவ்வொரு கட்டமும் 43 ஹெர்ட்ஸ் அகலம். 4096இல் 11கூட இல்லை. உறுமல் முழுக்க தாழ்சுருதியில்தான் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து அலைகளை ஒரே கட்டத்தில் அடைத்தால் உறுமலுக்கு எங்கே போவது? நேரம் துல்லியமானால் சுருதி மங்கும், சுருதி துல்லியமானால் நேரம் மங்கும். இதில் பேரம் கிடையாது.

என் கதை சின்னது. ஆல்கெமி என்கிற சிந்தில் நாதஸ்வரத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தை, கமகத்தோடு, இறக்கினேன். கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அதே கமகம், அதே இடத்தில். நாலு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் கோயில் கூட்டத்தில் நாலு பேர் ஒரே மாதிரி தும்முவதுபோல் இருந்தது. தம்பி சிரித்துக் கீழே விழுந்துவிட்டான்.

சரி, தம்பி லயத்துப்பையன், நீங்கள் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அடியை ரீசிந்தசிஸுக்குள் விடாதீர்கள். முதலில் அடி நாலையும் வெட்டித் தனி சாம்பிளாக வையுங்கள். தேய்ப்பை மட்டும் உள்ளே அனுப்புங்கள். அதிலும் சைன் அலைகளாக (ஒரே சுருதி கொண்ட சுத்த அலைகள்) பிரிகிற பகுதி வேறு, தோலும் குச்சியும் உரசுகிற இரைச்சல் வேறு. சேவியர் செர்ரா 1989இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வேட்டில் செய்ததே இந்தப் பிரிப்புதான்: சைன்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை இரைச்சலாக வைத்துக்கொள்வது. உங்கள் சிந்தில் இரண்டுக்கும் தனி அளவு இருந்தால் இரைச்சலைக் கொஞ்சம் தூக்குங்கள். சைன் மட்டும் இருந்தால் உறுமி ஆர்மோனியமாகிவிடும். ஸ்ட்ரெச்சையும் ஒரு நிமிடத்துக்கு இழுக்க வேண்டாம். அப்புறம் அடிகளை மேலே ஒட்டுங்கள். கைப்பேசியில் பதிவு செய்ததே முதல் தவறு, அதை இன்னொரு நாள் திட்டுகிறேன்.

பால்வாளி
நீங்கள் இரண்டு பேரும் விண்டோவுக்குச் சண்டை போடுங்கள். நான் சத்தமே இல்லாமல் மாட்டிக்கொண்டேன்.

ஹார்மர் என்கிற சிந்தில் படத்தைப் போட்டு ஒலியாக்கலாம் அல்லவா? இடமிருந்து வலம் நேரம், கீழே தாழ்சுருதி, மேலே உச்சம், வெளிச்சம்தான் ஒலியளவு. அம்மா இருபது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். வீட்டுக்குப் பின்னால் நிற்கிற பால்மரத்தின் வெட்டைப் படம் பிடித்துப் போட்டேன். முதலில் வெறும் இரைச்சல். பட்டையின் சொரசொரப்பு மொத்தமும் சத்தமாகிவிட்டது. பட்டையைக் கறுப்பாக்கி, வெள்ளையாகப் பால் ஓடும் கோட்டை மட்டும் விட்டேன். ‘ஊஊய்’ என்று மேலிருந்து சறுக்கி இறங்கியது. கை சிலிர்த்தது.

ஏறுகிற சத்தம் வேண்டும் என்று படத்தை இடவலமாகப் புரட்டினேன். பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டார்.

“எவன் வெட்டுனது இது? இடப்பக்கம் மேல, வலப்பக்கம் கீழல்ல வரணும். இப்படி வெட்டுனா பால் கொறைஞ்சிரும்.”

தேடிப் பார்த்தேன். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமேலிருந்து வலக்கீழாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். படத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். அதை வைத்து நான் செய்த பாட்டுக்குள் ஏறுகிற சத்தம் இன்றுவரை இல்லை.

லயத்துப்பையன்
1024 போட்டு நேற்று வாத்தியாரிடம் மறுபடி கொடுத்தேன். முழுவதும் கேட்டார்.

“இப்ப காஞ்சிருச்சு. ஆனா இது உறுமி இல்லியே தம்பி, தப்புல்ல?”

செம்பனைக்காடு அண்ணே, வெட்ட உட்கார்ந்திருக்கிறேன்.