பழைய டெஸ்பேட்ச் சாஃப்ட்வேருக்கு டேலைட் சேவிங் பேட்ச் போடணுமா, அப்படியே விட்டுடலாமா?

சர்வர்காவலன்:
கிளையன்ட் மெக்சிகோ சிட்டில. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2, ஜாவா 7ல எழுதின டெஸ்பேட்ச் சாஃப்ட்வேர், கூடவே ஆரக்கிள் டேட்டாபேஸ். எழுதிக் கொடுத்த வெண்டர் இப்போ சப்போர்ட் தர்றதில்ல. மெக்சிகோல 2022 அக்டோபரோட டேலைட் சேவிங்கையே (கோடைல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி வைக்கிற வழக்கம்) எடுத்துட்டாங்க, ஆனா இந்த சிஸ்டத்துக்கு அது தெரியாது, ஏப்ரல் முதல் ஞாயிறு வந்தா தானா ஒரு மணி நேரம் முன்னாடி போயிடுது, அக்டோபர் கடைசி வரைக்கும் அப்படியே நிக்குது. அதுக்கு அங்க இருக்கிறவங்க சர்வர் கடிகாரத்தை கையாலயே பின்னாடி தள்ளி வச்சு ஓட்டிட்டு இருக்காங்க. அடுத்த வருஷம் சிஸ்டத்தையே மாத்தப் போறோம், எதையும் தொடாதேன்னு மேனேஜர் சொல்றார். எனக்கு மனசு ஒப்பல. என்ன பண்ணலாம்?

நள்ளிரவு_டிபிஏ:
பேட்ச் (புது நேர விதியைச் சேர்க்கிற அப்டேட்) போடுறீங்களோ இல்லையோ, முதல்ல கடிகாரத்தைத் தள்றதை நிறுத்தச் சொல்லுங்க ப்ரோ. சர்வர் உள்ளுக்குள்ள யுடிசிலதான், அதாவது உலகப் பொது நேரத்துலதான், கணக்கு வைக்குது. தப்பா இருந்தது அதை உள்ளூர் நேரமா மாத்துற ஸோன் விதி மட்டும்தான், இவங்க தள்ளினதுல யுடிசியே தப்பாயிடுச்சு. கம்பெனி நெட்வொர்க் டொமைன்ல இருக்கிற மெஷின்னா, லாகினைச் சரிபார்க்கிற கெர்பரோஸ் சாதாரணமா 5 நிமிஷ வித்தியாசம் வரைக்கும்தான் பொறுத்துக்கும், அதுக்கு மேல போனா லாகின் அடிவாங்கும்.

அவசரத்துக்கு ஒரு வழி, விண்டோஸ்ல டேலைட் சேவிங்குக்குத் தானா மாத்துற டிக்கை எடுத்துடுங்க. ஜாவாவும் அப்போ மைனஸ் 6ன்னு (யுடிசியை விட 6 மணி நேரம் பின்னாடி) நிலையா எடுத்துக்கும், ஸ்டார்ட்அப் ஆப்ஷன்ல யாரும் வேற ஸோன் கொடுத்து வைக்கலன்னா.

பழைய_ஜாவா:
மேல சொன்னது வேலை செய்யும், ஆனா அதையே முடிவா வச்சுக்காதீங்க. நேரத்தை யுடிசில சேமிக்கிற சாஃப்ட்வேர்னா 2022க்கு முந்தின கோடைகால ரெக்கார்டு எல்லாம் ஒரு மணி நேரம் குறைச்சலா காட்டும், ஏன்னா அப்போ நிஜமாவே மைனஸ் 5தான் இருந்துச்சு. பழைய இன்வாய்ஸ், ஆடிட்னு யாராவது கேட்பாங்கன்னா பேட்ச்தான் சரி.

ஜாவா தன்னோட ஸோன் டேட்டாவைத் தனியா வச்சிருக்கும், விண்டோஸை சரி பண்ணா அது மாறாது, அதுக்கு ஜாவாவோட ஸோன் டேட்டாவைப் புதுசாக்குற டிஇசட்அப்டேட்டர் (TZUpdater) டூலை ஓட்டணும். ஆரக்கிளுக்கும் தனி ஸோன் ஃபைல் இருக்கு, ஆனா டேபிள்ல ஸோனோட சேமிக்கிற டைம்ஸ்டாம்ப் ஃபீல்டு இல்லாம ஸோன் இல்லாத வெறும் டேட் ஃபீல்டு மட்டும்தான்னா நான் அதைத் தொடவே மாட்டேன். ஸோன் விதியைப் பயன்படுத்துறதுல ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னு விட்டா ஒண்ணுக்கொண்ணு வேற நேரம் சொல்லும், அது எதுவுமே பண்ணாம இருக்கிறதை விட மோசம்.

இன்னொண்ணு, ஏப்ரலுக்கு அப்புறம் டெலிவரி ஸ்லாட் ஏற்கனவே புக் ஆகியிருக்கான்னு பாருங்க. காலைல 10 மணின்னு போட்டதை பழைய விதிப்படி யுடிசி 15 மணின்னு சேமிச்சிருக்கும், பேட்ச் போட்டதும் அது 9 மணியா தெரியும். அந்த லிஸ்டை முன்னாடியே எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் கை வைங்க.

சர்வர்காவலன்:
ரொம்ப நன்றி, ஆரக்கிள்ல எல்லாம் டேட் ஃபீல்டுதான், இப்பதான் பார்த்தேன். டிக் எடுக்கிறது வேணாம், சர்வரோட காப்பி எடுத்து அதுல பேட்ச் போட்டுப் பார்க்கலாம்னு மேனேஜர்கிட்ட பேசப் போறேன். டிஹுவானா கிளையும் இதே சர்வர்லதான் வேலை பண்றாங்க, அவங்களுக்கு எதாவது ஆகுமா?

பழைய_ஜாவா:
அது முக்கியமாச்சே! டிஹுவானா அமெரிக்க எல்லைல இருக்கிறதால அங்க டேலைட் சேவிங் இன்னும் இருக்கு, அமெரிக்காவோட சேர்ந்தே மாறுவாங்க. கோடு டிஹுவானா ஸோன் பேரை வச்சு கணக்கு போட்டா கவலை இல்ல, ஜாவா 7லயே அந்த விதி சரியாத்தான் இருக்கும். ஆனா மெக்சிகோ சிட்டி நேரத்துல 2 மணி நேரத்தைக் கழின்னு யாராவது கோடுலயே எழுதி வச்சிருந்தா பேட்ச் போட்டதும் கோடைல அது தப்பாயிடும், இப்போ கோடைல வித்தியாசம் 1 மணி நேரம்தான். சோர்ஸ் கோடு கைல இருந்தா அந்தக் கழித்தல் எங்கயாவது இருக்கான்னு இன்னைக்கே தேடிப் பாருங்க.