படித்த புத்தகத்துக்கு நட்சத்திரம் தேவையா? ஒரு வரிக் குறிப்பு போதாதா?

ஓரக்குறிப்பு:
டிசம்பர் வந்தால் "இந்த வருடம் 62 புத்தகம், சராசரி 4.1" என்று பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். படித்ததைக் குறித்து வைப்பது நல்ல பழக்கம், அதில் சண்டை இல்லை. நட்சத்திரம் போடுவதுதான் வீண் வேலை என்கிறேன்.

கவிதைத் தொகுப்புக்கும் 4 போடுகிறோம், வருமான வரிக் கையேட்டுக்கும் 4 போடுகிறோம். முதலாவதில் பத்துக் கவிதையாவது மனதில் தங்கியது என்று பொருள். இரண்டாவதில் தேடியது சீக்கிரம் கிடைத்தது என்று பொருள். ஆறு மாதம் போனால் அந்த 4 எதையும் நினைவூட்டாது. அதற்குப் பதிலாக முடித்த தேதி, எந்தப் பதிப்பு, யார் சொல்லி எடுத்தது, திரும்பப் போய்ப் பார்க்க வேண்டிய ஒரு பக்க எண், ஒரே ஒரு வாக்கியம் என்று எழுதி வையுங்கள். வாக்கியத்தில் "அருமை", "விறுவிறுப்பு", "கட்டாயம் வாசிக்கணும்" மூன்றுக்கும் தடை. எந்தப் புத்தகத்துக்கும் ஒட்டக்கூடிய சொல் எந்தப் புத்தகத்தையும் நினைவூட்டாது.

தராசு:
மதிப்பெண்ணில் குற்றம் இல்லை ஐயா, அளவுகோல் இல்லாமல் போடுவதில்தான் குற்றம். படித்த புத்தகங்களைப் பதியும் குட்ரீட்ஸ் தளத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு பொருள் உண்டு: 1 பிடிக்கவில்லை, 2 பரவாயில்லை, 3 பிடித்தது, 4 மிகவும் பிடித்தது, 5 அற்புதம். பிடிக்காததற்கு ஒரே ஒரு படிதான். மற்ற நாலும் பரவாயில்லையும் அதற்கு மேலும். நாமோ இதைப் பள்ளிக்கூட மார்க்காகப் பார்க்கிறோம். 2 என்றால் ஐந்துக்கு இரண்டு, நூற்றுக்கு நாற்பது, ஏதோ தத்தளித்துப் பாஸ். எழுத்தாளரும் நண்பர் வட்டத்தில் இருந்தால் கை கூசுகிறது, 4 விழுந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்ய உரைகல் முறை இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் நீங்கள் நன்றாக அறிந்த ஒரு புத்தகத்தை நிறுத்துங்கள். மொத்தம் ஐந்து. புதிதாக முடித்ததை முதலில் 3-இன் உரைகல்லோடு உரசுங்கள். "இரண்டில் ஒன்றைத்தான் இன்றிரவு மறுபடி படிக்கலாம் என்றால் எது?" புதியது வென்றால் 4-ஓடு, தோற்றால் 2-ஓடு. இரண்டு மூன்று ஒப்பீட்டில் இடம் தெரிந்துவிடும். நாவலுக்கு ஒரு வரிசை, கட்டுரை நூலுக்கு வேறொரு வரிசை. கவிதையையும் வரிக் கையேட்டையும் ஒரே தராசில் ஏற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வருட நடுவில் உரைகல்லை மாற்றினால் முதல் ஆறு மாத மதிப்பெண்ணும் பின் ஆறு மாத மதிப்பெண்ணும் ஒன்றோடொன்று பேசாது. மாற்றுவதாக இருந்தால் ஜனவரியில் மாற்றுங்கள்.

கட்டம்கட்டி:
நுணுக்கம் வேண்டும் என்கிறவர்கள் ஸ்டோரிகிராஃப் என்ற இன்னொரு தளத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே கால் நட்சத்திரம் வரை போடலாம். லைப்ரரிதிங் தளத்தில் அரை. தராசு, உங்கள் முறைப்படி 3.25-க்கும் 3.5-க்கும் தனித்தனி உரைகல் வைப்பீர்களா?

தராசு:
மாட்டேன். கால் நட்சத்திரத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஆறு மாதத்துக்கு முன் மதிப்பெண் போட்ட 20 புத்தகத்தை எடுத்து, பழைய எண்ணை மறைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் அரை நட்சத்திரமோ அதற்கு மேலோ நகர்ந்திருந்தால், கால் கணக்கு உங்களுக்கு வெறும் அலங்காரம்.

இன்னொன்று, முடித்த அன்றே மதிப்பெண் போடாதீர்கள். கடைசி ஐம்பது பக்கத்தின் சூடு முழுப் புத்தகத்தின் மேலும் படிந்துவிடும். முடித்த அன்று தேதியும் குறிப்பும், இரண்டு வாரம் கழித்து எண். பட்டியலில் இரண்டுக்கும் தனிப் பத்தி (செங்குத்து வரிசை) வைத்தால், எந்த வகைப் புத்தகம் சூடு ஆறியதும் சரிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

நெல்லியடி கொப்பி:
இதுக்கெல்லாம் தளமும் செயலியும் எதுக்கு? 160 பக்க சீஆர் கொப்பி ஒன்று போதும். முதல் பத்துப் பக்கத்தை எழுத்தாளர் பெயர் அகரவரிசைக்கு ஒதுக்கிவிட்டால் 150 பக்கம் மிச்சம். ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம், வருடம் 25 புத்தகம் என்றால் ஆறு வருடம் ஓடும். ஒவ்வொரு பதிவுக்கும் தொடர் இலக்கம் போடுங்கள், அகரவரிசைப் பக்கத்தில் பெயருக்கு நேரே அந்த இலக்கத்தை மட்டும் எழுதினால் தேடல் முடிந்தது. ஜெல் பேனை பாவிக்க வேண்டாம், ஈரம் பட்டால் ஊறிப் பரவும். போல்பொயின்ற் நல்லது.

குட்ரீட்ஸை அமேசன் 2013 இல் வாங்கியது. 2020 டிசம்பரில் வெளிச் செயலிகள் தளத்தின் தரவை எடுக்கத் தேவையான புதிய இணைப்புச் சாவி குடுக்கிறதை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பிச் செய்த சின்னச் சின்னக் கருவிகள் வழியில் நின்றன. கொப்பிக்கு அந்தப் பயம் இல்லை.

கட்டம்கட்டி:
கொப்பிக்குக் கரையான் பயம் உண்டே! மூன்றாம் வருடத்தில் "2022-இல் படித்த மொழிபெயர்ப்புகள் மட்டும்" என்று கேட்டால் 75 பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

தளத்தில் எழுதுங்கள், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் தரவை இறக்கி வையுங்கள். குட்ரீட்ஸில் இது இணையதளம் வழியாக: மை புக்ஸ், அதில் டூல்ஸ் பகுதி, அங்கே இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட். ஒரு சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்த பட்டியல், வரும். அதை இரண்டு முறை தட்டி எக்செலில் திறந்தால் தமிழ்த் தலைப்பெல்லாம் கிறுக்கல் எழுத்தாகத் தெரியலாம். கோப்பு கெடவில்லை, அது யுடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியீட்டு முறையில் இருக்கிறது என்று எக்செல் புரிந்துகொள்ளாமல் திறந்திருக்கிறது. வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி' கொடுத்து, 65001 யூனிகோட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் வந்துவிடும். கிறுக்கலாகத் தெரியும்போதே 'சேவ்' அழுத்தியவர்களுக்குத்தான் சங்கு.

புத்தகத்தின் அடையாள எண்ணான 13 இலக்க ஐஎஸ்பிஎன் 9.78இ+12 என்று சுருங்கித் தெரிந்தால், அந்தப் பத்தியை முதலில் தசமம் இல்லாத 'நம்பர்' வகைக்கு மாற்றுங்கள். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கின வடிவம்தான் கோப்பில் போய் உட்காரும், மீதி இலக்கங்கள் போயே போச்சு.

அதைவிட மோசமான பொறி சராசரி. மதிப்பெண் போடாத புத்தகம் அந்தக் கோப்பில் 0 என்று வரும். 40 புத்தகத்தில் 10-க்கு மதிப்பெண் இல்லை, மீதி 30-இன் சராசரி 3.8 என்று வையுங்கள். பத்தி முழுவதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 2.85 காட்டும். 'ஆவரேஜ்இஃப்' போட்டு 0-க்கு மேற்பட்டதை மட்டும் எடுக்க வேண்டும். படிக்கத் தொடங்கிய தேதி அந்தக் கோப்பில் வராது, மறுவாசிப்புக்கு எண்ணிக்கை வரும் ஆனால் தேதி ஒன்றுதான் வரும். இவை முக்கியம் என்றால் குறிப்புப் பகுதியில் கையால் எழுதி வையுங்கள். தேதியை எப்போதும் 2024-04-03 மாதிரி எழுதுங்கள். 03-04 என்றால் ஏப்ரலா மார்ச்சா என்று அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி தானாக முடிவுசெய்துவிடும்.

ஓரக்குறிப்பு:
பாருங்கள், நட்சத்திரத்தைக் காப்பாற்ற எவ்வளவு வேலை! கடைசியில் அது தளத்தின் பொதுச் சராசரியில் கரைகிறது. அந்தச் சராசரியைப் பார்த்துத்தான் பலர் புத்தகம் வாங்குகிறார்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். சராசரி வாசகர் என்று ஒருவரை அவர் எங்கும் சொல்லவில்லை.

தராசு:
ரங்கநாதனை இழுத்ததற்கு ஒரு நட்சத்திரம் கூடுதல். ஆனால் பொதுச் சராசரியின் கோளாறு வேறு, உங்கள் சொந்த மதிப்பெண்ணின் பயன் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

பொதுச் சராசரியிலும் தமிழ் நூல்களுக்குத்தான் கோளாறு அதிகம், ஏனென்றால் எண்ணிக்கை குறைவு. ஆறு பேர் போட்டு 4.8, நானூறு பேர் போட்டு 4.1, எது நம்பத்தக்கது? ஒவ்வொரு நூலுக்கும் 50 கற்பனை ஓட்டுகளைப் பொதுவான 3.8-இல் சேர்த்துக் கணக்கிடுங்கள். முதலாவது 3.91-க்கு இறங்கும், இரண்டாவது 4.07-இல் நிற்கும். ஐஎம்டிபி தன் சிறந்த 250 படப் பட்டியலுக்கு வெளியிட்ட வாய்ப்பாடும் இதே தத்துவம்தான். 50, 3.8 இரண்டும் நாம் தேர்வது. முடிவு அதற்கேற்ப நகரும், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஓரக்குறிப்பு:
சரி, பொதுச் சராசரியை என் வாதத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். சிறுகதைத் தொகுப்புக்கு உங்கள் உரைகல் என்ன சொல்லும்? 13 கதையில் 4 அபாரம், 5 சுமார், 4 வேண்டாதது. 3 நட்சத்திரமா? அந்த நாலு கதைக்கு அது அநியாயம்.

தராசு:
அங்கே நட்சத்திரம் வேலை செய்யாது, ஒப்புக்கொள்கிறேன். 4/13 என்று எழுதலாம். மறுபடி படிக்க விரும்பும் கதை மேலே, மொத்தம் கீழே. கூடவே அந்த நாலின் தலைப்பும் பக்கமும். ஒரே கதை மூன்று தொகுப்புகளில் வரும் எழுத்தாளர்களுக்குக் கதைவாரியாகப் பதிவதுதான் சரி, இல்லாவிட்டால் ஏற்கெனவே படித்ததைப் புதுசு என்று எண்ணிக்கொண்டிருப்போம்.

நெல்லியடி கொப்பி:
எண்ணிக்கை என்றதும் ஒரு கேள்வி. பொன்னியின் செல்வன் ஒரு புத்தகமா, ஐந்தா?

கட்டம்கட்டி:
ஐந்து பாகம், ஐந்து வரி. ஒவ்வொன்றும் தனி அட்டை, தனித் தேதி. நடுவில் நிறுத்தினால் எங்கே நிறுத்தியது என்றும் தெரியும்.

ஓரக்குறிப்பு:
அது 1950 முதல் 1954 வரை வாராவாரம் கல்கியில் வந்த ஒரே கதை. பைண்டிங்குக்காகப் பிரித்ததை எண்ணிக்கைக்காகப் பிரிப்பது வருடக் கணக்கைக் கொழுக்க வைக்கும் வேலை. ஐந்தையும் ஒரே அட்டையில் போட்ட பதிப்பைப் படித்தவருக்கு 1, உங்களுக்கு 5. நீதியா இது?

கட்டம்கட்டி:
வருடக் கணக்குக்குப் பக்கத்தை எண்ணுங்கள், தகராறு இல்லை.

தராசு:
பக்கத்திலும் தகராறு உண்டு. நாட்டுடைமையான நூல் என்பதால் ஆளாளுக்குப் பதிப்பு, எழுத்தின் அளவு ஒவ்வொன்றிலும் வேறு. ஒரே பாகம் பதிப்புக்குப் பதிப்பு நூறு பக்கம்கூட வித்தியாசப்படும். தளத்தில் தவறான பதிப்பைத் தொட்டால் உங்கள் பக்கக் கணக்கும் தவறும். அதனால் கையில் இருக்கும் பிரதியின் முதல் பக்கங்களில் பதிப்பகம், பதிப்பு எண், ஆண்டு மூன்றையும் பார்த்துப் பதியுங்கள். பாகம் ஐந்து வரியாக இருக்கட்டும், "படைப்பு" என்று தனிப் பத்தி வைத்து ஐந்துக்கும் ஒரே பெயர் கொடுங்கள். இரண்டு விதமாகவும் எண்ணலாம்.

ஓரக்குறிப்பு:
பாதியில் வைத்ததை எப்படிப் பதிவீர்கள்? அதற்கும் 1 நட்சத்திரம் போடும் கோஷ்டி ஒன்று இருக்கிறது.

தராசு:
முடிக்காததற்கு மதிப்பெண் கூடாது. இதில் நாம் இருவரும் ஒரே கட்சி. நிறுத்திய பக்கமும் காரணமும் போதும்: "112, மொழிபெயர்ப்பு நெருடல்". மூலம் நல்லதாக இருக்கலாம், வேறு மொழிபெயர்ப்பில் மறுபடி முயலலாம். குட்ரீட்ஸில் 'படித்தது' என்ற தட்டில் போட்டு, முடித்த தேதியும் கொடுத்தால் வருட இலக்கில் அதுவும் ஏறிவிடும். தனித் தட்டு ஒன்று உருவாக்கி, 'எக்ஸ்க்ளூசிவ்' என்று குறித்துவிட்டால் அந்தப் புத்தகம் 'படித்தது' தட்டில் ஒட்டாது.

நெல்லியடி கொப்பி:
ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய புத்தகத்துக்கு என்ன அடையாளம்? இந்தியப் புத்தகம் 978-81, 978-93 என்றும் எங்கட இலங்கைப் புத்தகம் 978-955, 978-624 என்றும் வரும். 1970க்கு முந்தினதில் எதுவும் இராது, பிறகு வந்ததிலும் பலதில் இல்லை.

கட்டம்கட்டி:
ஈழத்து நூல் என்றால் முதலில் அவற்றைச் சேர்த்து வைக்கும் 'நூலகம்' என்ற இணையதளத்தில் தேடுங்கள். அங்கே ஏறிய ஒவ்வொரு நூலுக்கும் நூலக எண் இருக்கும், அதை எழுதலாம். இல்லாவிட்டால் எழுத்தாளர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு நான்கையும் ஒரே கட்டத்தில் சேர்த்து எழுதுங்கள். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது விடுபடுவதும் வேறு நூலோடு ஒட்டிக்கொள்வதும் இந்த எண் இல்லாத வரிகள்தான். மாற்றியதும் இரண்டு பக்கமும் வரிகளை எண்ணிப் பாருங்கள்.

ஓரக்குறிப்பு:
கட்டம்கட்டியிடம் ஒன்று கேட்க வேண்டும். பட்டியலில் "மௌனம்" என்று தேடினால் பாதிப் புத்தகம்தான் வருகிறது. இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, தேடலுக்குத் தெரியவில்லை.

கட்டம்கட்டி:
பாதிப் பேர் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் 'ள' எழுத்தும் அடித்து "மெளனம்" என்று எழுதியிருப்பார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கணினிக்கு வேறு. இதேபோல் 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில் இரண்டாவது வகை அடிக்கடி வரும். அதைச் சரிசெய்வது சுலபம்: யூனிகோட் எண்ணில் 3014 (ஒற்றைக் கொம்பு), 3006 (கால்) என்ற இரண்டு குறிகள் அடுத்தடுத்து வந்தால் 3018 ஆக மாற்றச் சொல்லுங்கள், 3015-உம் (இரட்டைக் கொம்பு) 3006-உம் வந்தால் 3019.

மௌனத்துக்கு மட்டும் இப்படி மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். "தெளிவு", "வெளி" என்று கொம்பும் 'ள'வும் நியாயமாகவே சேர்ந்து வரும் தலைப்புகள் எல்லாம் சிதைந்துவிடும். அதை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.