ஒப்ஜெக்ட் மொடல்: ‘பொருள் மாதிரி’ வேண்டாம், வேறு சொல் தாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு மேல்மாடியில் எக்செல்லுக்கு நிரல் எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் கணக்குப் பிரிவுகளில் வேலை செய்பவர்கள். புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளின் கணக்கர்கள் இருவரும் உண்டு. மாக்ரோ (செய்த வேலையை எக்செல்லே திரும்பச் செய்யும்படி வைக்கும் பதிவு) பதியத் தெரியும், பதிந்ததைத் திருத்தத் தெரியாது. பாடக்குறிப்பு தமிழில் வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். எழுதிக்கொண்டு போனேன். மூன்றாம் பக்கத்தில் ஒப்ஜெக்ட் மொடல் வந்தது, எக்செல்லின் பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்திருக்கும் ஒழுங்கு. இரண்டு வாரமாக அங்கேயே நிற்கிறேன்.

கைவசம் இருப்பது ‘பொருள் மாதிரி’. அதைப் பலகையில் எழுதியதும் ஒருவர், “எந்தப் பொருளின் மாதிரி, சேர்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாதிரி வினாத்தாள் என்றால் பரீட்சைக்கு முன் செய்து பார்ப்பது. துணிக்கடையில் மாதிரி என்றால் கத்தரித்துக் காட்டும் துண்டு. ‘பொருள்’ இன்னும் மோசம்: சாமான், செல்வம், அர்த்தம் என்று மூன்று சுமையை ஏற்கனவே தூக்கிக்கொண்டு நிற்கிற சொல். இரண்டும் சேர்ந்தால் ஏதோ விற்பனைப் பிரதிநிதியின் பையில் கிடப்பது போலிருக்கிறது.

நான் சொல்ல வருவது என்னவென்று வகுப்பில் காட்டும் விதத்தையே எழுதிவிடுகிறேன். படம் வரைந்து விளக்கினால் கொட்டாவி விடுகிறார்கள். ஆகவே எக்செல்லையே விசாரிக்கச் சொல்கிறேன். ஓல்ட் விசையோடு எஃப் 11 அழுத்தினால் நிரல் எழுதும் இடம் திறக்கும். அங்கே கன்ட்ரோல் விசையோடு ஜீ அழுத்தினால் அடியில் வெறுமையாக ஒரு பெட்டி வரும். கேள்விக்குறி போட்டு எதைக் கேட்டாலும் அடுத்த வரியில் பதில் சொல்லும். ஏதாவது ஒரு கலத்தில் (செல்லில்) நின்றுகொண்டு ‘அக்டிவ்செல், புள்ளி, பேரன்ட், புள்ளி, நேம்’ என்று கேளுங்கள். பணித்தாளின் பெயர் வரும். (தமிழில் எழுதினால் பேரனைப் போலத் தெரிகிற இந்தப் பேரன்ட், உண்மையில் பெற்றவர்.) நடுவில் இன்னொரு பேரன்ட் சேர்த்தால் பணிப்புத்தகத்தின் பெயர். மூன்றாவதுக்கு ‘மைக்ரோசொஃப்ட் எக்செல்’. நான்காவது சேர்த்தாலும் அதே பதில்தான், ஏனென்றால் உச்சியில் இருப்பது தன்னையே தன் பெற்றோராகக் காட்டுகிறது. கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீசுவரர், இங்கே தான்தோன்றிச் செயலி.

பிறகு, எது என்ன வகை என்று சொல்லும் ‘டைப்நேம்’ என்ற கட்டளைக்குள் ‘செலக்ஷன்’ என்று போட்டுக் கேட்கச் சொல்வேன். கலத்தைத் தெரிவு செய்திருந்தால் ‘ரேஞ்ச்’ என்கிறது. தாளில் ஒரு செவ்வகத்தை வரைந்து, அதைச் சொடுக்கிவிட்டுக் கேட்டால் ‘ரெக்டாங்கிள்’ என்கிறது. கேள்வி மாறவில்லை, பதில் மாறிவிட்டது. எக்செல்லுக்குள் எல்லாமே ஒரு வகைப்பட்டது என்று நம்பியிருந்தவர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

எந்தப் பொருளுக்குள் எந்தப் பொருள் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன பண்பு, அதனிடம் என்னென்ன வேலை வாங்கலாம் என்ற முழு ஒழுங்குக்கும் பெயர்தான் ஒப்ஜெக்ட் மொடல். என் மனதில் உள்ள சொற்கள்: பொருளமைப்பு, பொருளமைவு, பொருட்கொடி. கடைசிச் சொல்லைக் ‘கொடிவழி’யிலிருந்து எடுத்தேன், அதன்மேல் ஒரு சாய்வு உண்டு. நிரலால் கேட்டுக் கேட்டு உள்ளே போவதற்குத் ‘துழாவுதல்’ என்று வைத்திருக்கிறேன். இருட்டில் சுவிட்சைத் தேடுவதற்கும் அதே சொல்தானே. நிரல் எழுதும் இடத்தில் எஃப் 2 அழுத்தினால் எல்லாப் பொருள்களையும் வரிசைப்படுத்திக் காட்டும் சாளரத்துக்கு ‘பொருளடைவு’ சரிவருமா?

—

தெஹிவளையிலிருந்து:

‘ஒப்ஜெக்ட் மொடல்’ என்றே எழுதிவிட்டால் யாருக்கு நட்டம்? 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, “பேருந்து கோட்டைக்குப் போகுமா?” என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வேலை தேடிப் போகும் பிள்ளைக்கு நேர்முகத்தேர்வில் ஆங்கிலச் சொல்தான் உதவும்.

—

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தம்பிக்கு,

தெஹிவளைக்காரர் சொல்வதில் பாதி சரி. ஆங்கிலச் சொல்லை முதல் தடவை பக்கத்தில் எழுதுங்கள், பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். ஆனால் பஸ் என்பது கண்ணால் பார்த்து ஏறுகிற சாமான். பெயர் எதுவானாலும் பஸ் வந்து நிற்கும். நீங்கள் சொல்லும் மொடல் கண்ணுக்குத் தெரியாதது. சொல்லே அதன் உருவத்தைக் காட்ட வேண்டும். முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்தவள் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளால்தான் என் தலைமுறை இரசாயனவியலையும் பௌதிகவியலையும் தமிழில் படித்தது. வடமொழி கூடிவிட்டது என்று இன்று குறை சொல்லலாம். அவை இல்லாவிட்டால் நாங்கள் அந்தப் பாடங்களைத் தமிழில் படித்தே இருக்க மாட்டோம்.

பொருட்கொடி அழகான சொல். விட்டுவிடுங்கள். கொடிவழி என்றால் பாட்டன், தந்தை, மகன். பணித்தாள் என்ன பணிப்புத்தகத்துக்குப் பிறந்ததா? அதற்குள் இருக்கிறது, அவ்வளவுதான். என் மருமகளும் உங்கள் தொழில்தான். மரபுரிமை என்று, ஒரு வகை இன்னொரு வகையின் பண்புகளைப் பெற்றுக்கொள்வது, நிரலில் வேறொன்று உண்டு, கொடி என்றால் எல்லோரும் அதைத்தான் நினைப்பார்கள் என்கிறாள். ‘பேரன்ட்’ என்று ஆங்கிலத்தில் ஏற்பட்ட குழப்பம் போதும்.

நீங்கள் எழுதிய அந்தப் புள்ளிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ‘பணிப்புத்தகத்தினது தாளினது கலத்தினது நிறம்’ என்று வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ‘அது’. ஆறாம் வேற்றுமை, கிழமைப்பொருள், அதாவது உடைமை! நன்னூல் இந்தக் கிழமையை இரண்டாக்கி, பிரிக்க முடியாததைத் தற்கிழமை என்றும் பிரிக்கக்கூடியதைப் பிறிதின்கிழமை என்றும் சொல்லும். தற்கிழமைக்குள் ஐந்து: பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம். கலத்தின் நிறம் பண்பு. நீங்களும் அந்தச் சொல்லைத்தான் எழுதியிருக்கிறீர்கள். தாளின் கலம் உறுப்பு. ஒரே இனம் சேர்ந்தால் கூட்டம், நெல்லின் குவியல் போல. பல இனம் சேர்ந்தால் ஈட்டம், யானையும் குதிரையும் காலாளும் சேர்ந்த படை போல. உங்கள் எக்செல்லில் அப்படி இரண்டு வகைத் திரட்டு உண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ‘தாள், புள்ளி, அழி’ என்று வேலை ஏவுகிற இடத்தில் அந்தப் புள்ளி ஆறாம் வேற்றுமை அன்று. “தாளே, அழி!” என்று கூப்பிட்டுச் சொல்கிறீர்கள். அது விளி, எட்டாம் வேற்றுமை. ஒரே புள்ளி இரண்டு வேற்றுமைக்கு வேலை செய்கிறது. மாணவர் தடுமாறுவது ஏன் என்று விளங்குகிறது.

‘அமைப்பு’ என்றால் இந்த ஊரில் பெயர்ப்பலகை மாட்டிய சங்கம். ஆகவே பொருளமைவு. துழாவுதல் நல்ல சொல், மாற்றாதீர்கள்.

—

வெள்ளவத்தையிலிருந்து:

டீச்சர்,

உண்டு. உண்டென்பதை ஒரு பிழைச்செய்தியால் தெரிந்துகொண்டவன் நான்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் மாதாந்தத் தேயிலைக் கணக்குக்கு ஒரு நிரல் எழுதியிருந்தேன். புத்தகத்திலுள்ள ஒவ்வொரு தாளாக எடுத்து, கூட்டுத்தொகையை முதல் தாளில் கொண்டுவந்து போடும். ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் காலை ‘பிழை 13, வகை பொருந்தவில்லை’ என்று நின்றுவிட்டது. நிரலில் ஓர் எழுத்தையும் யாரும் தொடவில்லை. மதியம் வரை துழாவினேன். கடைசியில் பார்த்தால், முகாமையாளருக்குக் காட்டுவதற்காக யாரோ ஒரு வரைபடத்தைத் தனித் தாளாகச் சேர்த்திருக்கிறார்கள். நான் ‘ஷீட்ஸ்’ என்ற திரட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பணித்தாளுக்கென்று வைத்த மாறியில் (வேரியபிளில்) போட்டுக்கொண்டிருந்தேன். ‘ஷீட்ஸ்’ஸில் பணித்தாளும் இருக்கும், வரைபடத் தாளும் இருக்கும். நான் எடுத்திருக்க வேண்டியது பணித்தாள் மட்டும் உள்ள ‘வேர்க்ஷீட்ஸ்’. உங்கள் கணக்கில் சொன்னால், ஒன்றன் கூட்டத்தில் கை வைக்க வேண்டியவன் பலவின் ஈட்டத்தில் வைத்துவிட்டேன். படைக்குள் புகுந்து காலாளை எண்ணப்போய், யானையின் காலைப் பிடித்த கதை.

இதைக் குறிப்பில் அப்படியே சேர்க்கலாம் என்று மகிழ்ந்து, ‘கூட்டம்’, ‘ஈட்டம்’ இரண்டையும் தனித்தனித் தலைப்பாக எழுதியும் விட்டேன். பிறகு ஒரு சந்தேகம் வந்து, மூன்று பணித்தாளும் ஒரு வரைபடத் தாளும் உள்ள புத்தகத்தைத் திறந்து எக்செல்லிடமே கேட்டேன். ‘ஷீட்ஸ்’ எத்தனை? நான்கு. ‘வேர்க்ஷீட்ஸ்’ எத்தனை? மூன்று. இதுவரை நீங்கள் சொன்னபடிதான். அடுத்ததாக ‘டைப்நேம்’ போட்டு, ‘ஷீட்ஸ்’ என்ன வகை என்று கேட்டேன்: ‘ஷீட்ஸ்’. ‘வேர்க்ஷீட்ஸ்’ என்ன வகை? அதற்கும் ‘ஷீட்ஸ்’ என்றே பதில்! உள்ளே இருப்பவை வேறு, எண்ணிக்கை வேறு, வகைப்பெயர் மட்டும் ஒன்று.

ஆகவே நீங்கள் தந்த இரண்டு சொற்களையும் திரட்டுகளின் வகைப்பெயராக வைக்க முடியாது, டீச்சர். உள்ளே என்ன கிடக்கிறது என்று விளக்கும் இடத்தில் வைத்துக்கொள்கிறேன். வகைக்குப் பொதுவாகத் ‘திரட்டு’ என்றே எழுதுகிறேன். விளி வேற்றுமைப் புள்ளியை இந்தச் சனிக்கிழமை வகுப்பில் சொன்னேன். “புத்தகமே, மூடு!” என்று ஒருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டு தட்டச்சுச் செய்தார். சேமிக்காமல் மூடப்போய், சேமிக்கட்டுமா என்று எக்செல் திருப்பிக் கேட்டது வேறு விடயம்.

‘பொருளமைவு’ குறிப்பில் ஏறிவிட்டது, பக்கத்தில் ஒரு தடவை ‘ஒப்ஜெக்ட் மொடல்’. தெஹிவளை அண்ணன் சமாதானமடைவார் என்று நினைக்கிறேன்.

எஃப் 2 சாளரத்துக்குத்தான் இன்னும் பெயரில்லை. ‘பொருளடைவு’ என்று பலகையில் எழுதியதும், செட்டியார் தெரு நகைக்கடையில் கணக்கெழுதும் மாணவர் கையை உயர்த்தினார்.

“எத்தனை வீத வட்டி, சேர்?”