ஏற்காட்டில் ஓட்டு, சேலத்தில் எம்.பி. வேட்பாளர்: முடியுமா?

மலைக்காப்பி:

வணக்கம். என் சித்தப்பாவுக்கு 61 வயசு. நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. 2029 நாடாளுமன்றத் தேர்தலில் சேலத்தில் சுயேச்சையாக நின்றே தீருவேன் என்கிறார். "கொட்டை விற்பது சேலம், ஆஸ்பத்திரி சேலம், கலெக்டர் சேலம். ஓட்டு மட்டும் கள்ளக்குறிச்சிக்கு. அந்த ஊரை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்" என்பது அவர் வாதம். சுயேச்சைக்குப் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும் என்று யாரோ சொல்லிவிட, ஒரு நாற்பது பக்க நோட்டில் பத்துப் பெயரும் எழுதியாயிற்று. எல்லாரும் மலை ஆட்கள்தான். ஒருவர் கைநாட்டு. நாங்கள் எஸ்.டி., சான்றிதழ் இருக்கிறது. டெபாசிட் எவ்வளவு? இந்தப் பத்துப் பேர் போதுமா?

டைப்பிங் கடை:

சித்தப்பா நிற்கலாம். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூடச் செல்லாது.

சேலத்தில் இருபது வருஷமாக மனு டைப் அடிக்கிறேன், தேர்தலுக்குத் தேர்தல் இதே குழப்பம்தான். மக்களவைக்கு நிற்பவருக்கு 25 வயசு ஆகியிருக்க வேண்டும், நாட்டில் ஏதாவது ஒரு தொகுதிப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வெளித்தொகுதிக்காரர் என்பதால், தன் பெயர் இருக்கும் வாக்காளர் பட்டியல் பக்கத்தின் சான்றளித்த நகலை மனுவோடு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பரிசீலனையின்போதாவது காட்ட வேண்டும். ஆனால் முன்மொழிபவர், அதாவது மனுவில் கையெழுத்துப் போடுகிறவர், வேட்பாளர் நிற்கிற தொகுதிக்காரராகவே இருக்கணும். அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்து.

"சேலம் மாவட்டம்தானே சார்" என்பார்கள். மாவட்டம் வேறு, தொகுதி வேறுங்க. சேலம் எம்.பி. தொகுதி என்றால் ஓமலூர், எடப்பாடி, வீரபாண்டி, அப்புறம் சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு. அவ்வளவுதான். ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சி. மேட்டூர் தருமபுரியோடு, சங்ககிரி நாமக்கல்லோடு.

ஒரு தேர்தலில் ஒரு பெரியவர் கடைசி நாள் மதியம் 2 மணிக்கு என் கடைக்கு வந்தார். மூன்று மணியோடு மனு வாங்குவது முடியும். பத்துக் கையெழுத்தும் போட்டு முடித்த மனு. வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண் அடிக்கும்போது பார்த்தால், பத்தாவது ஆள் அவருடைய மச்சினன், ஓட்டு வாழப்பாடியில். அது ஏற்காடு சட்டமன்றத் தொகுதி. பெரியவருக்கு வியர்த்துவிட்டது. எதிர்க்கடை டீ மாஸ்டருக்கு சேலம் தெற்கில் ஓட்டு. வடைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டார். மனுவில் அந்த விரல் கறை அப்படியே இருந்தது. பரிசீலனையில் தேறிவிட்டது.

அதனால் மனுவை இரண்டு செட்டாகப் போடுங்கள், இரண்டாவதற்கு வேறு பத்துப் பேர். ஒரே தொகுதிக்கு நாலு செட் வரை தரலாம், டெபாசிட் ஒன்றுதான். கைநாட்டு என்றால் அலுவலர் முன்னிலையில்தான் வைக்க வேண்டும், வீட்டில் வைத்துக் கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள்.

டெபாசிட் 25,000. எஸ்.சி., எஸ்.டி.க்கு 12,500, பொதுத்தொகுதியில் நின்றாலும் அதேதான். ரொக்கமாகவோ கருவூலச் சலானாகவோ கட்டலாம், செக் எடுக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் இது 500 ரூபாய். 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்று வாக்குச்சீட்டே புத்தகமாகிப் போச்சே, அந்த வருஷம்தான் எம்.பி.க்கு 10,000 ஆக்கினார்கள். சுயேச்சைக்குப் பத்துப் பேர் என்பதும் அப்போது வந்ததே.

சொத்து, கடன், வழக்கு விவரம் எழுதும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-இல் ஒரு கட்டமும் காலியாக விடாதீர்கள். "இல்லை", "பொருந்தாது" என்று எழுதுங்கள். காலி விட்டு, அலுவலர் சொல்லியும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

ஜெயிப்பதைவிடக் கணக்குக் கொடுப்பதுதான் கஷ்டம். மனு போடுவதற்கு ஒரு நாள் முன்னாலாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறக்கணும். வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு 95 லட்சம் (கட்சி செலவழிப்பதற்கு வரம்பே கிடையாது, அது தனிக் கூத்து). முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு தரணும். தராவிட்டால் மூன்று வருஷம் தகுதிநீக்கம் செய்யலாம். ஒரு சுயேச்சைக்கு ஏஜென்டாக இருந்தேன், மொத்தச் செலவே 38 ஆயிரம்தான். ஆனால் டீ, ஆட்டோ, மைக்செட் என்று ஒவ்வொரு வவுச்சரையும் ஒட்டி முடிப்பதற்குள் கோந்து பாட்டில் தீர்ந்துபோனது.

டெபாசிட் திரும்ப வருமா என்று கேட்காததே புத்திசாலித்தனம். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கணும். 12 லட்சம் ஓட்டு விழுந்தால் 2 லட்சத்துக்கு மேல்.

மலைக்காப்பி:

எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். 2 லட்சம் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நோட்டை எடுத்துப் பத்துப் பெயரையும் ஸ்கேல் வைத்து அடித்தார். கைநாட்டுக்காரர்தான், "அப்ப நான் கலெக்டர் ஆபீஸ் வர வேண்டியதில்லையா" என்று வருத்தப்பட்டார். அஸ்தம்பட்டியில் அத்தை மகன் இருக்கிறான், ஓமலூரில் காப்பி வாங்குகிற இரண்டு பேர். இப்போதைக்கு மூன்று பெயர் சேர்ந்திருக்கிறது.

டைப்பிங் கடை:

அந்த மூன்று பேருக்கும் பாகம் எண்ணோடு எழுதி வையுங்கள், ஆனால் பென்சிலில். வீடு மாறினால் ஓட்டும் மாறும். மனு போடும் வாரம் புதுப் பட்டியலை வைத்து ஒருமுறை பாருங்கள்.