கீழ்த்தாடை முன்தள்ளி இருக்கிறது: கிளிப் போட்டால் உள்ளே போகுமா? (மகனுக்கு 16, மகளுக்கு 8)

குன்னூர் வர்க்கிக்கடை எழுதியது:

எங்கள் வீட்டில் வர்க்கியைக் கடிக்கும் விதத்தை வைத்தே யார் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடலாம். என் பக்கத்தவர்கள் முன்பல்லால் கடிப்பார்கள். என் கணவர், மாமனார், மகன் மூவரும் கடைவாய்க்குக் கொண்டுபோய் ஒடிப்பார்கள். முன்பற்கள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. பேக்கரி நடத்துகிறவள் நான். இத்தனை ஆண்டுகளாகப் பார்த்தும் இதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். கடந்த இரண்டு ஆண்டுகளில் உயரத்தோடு மோவாயும் வளர்ந்துவிட்டது. கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே நிற்கின்றன. வகுப்பில் அவனுக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

ஊரில் ஒரு பல் மருத்துவமனையில், கீழே இரண்டு பல்லை எடுத்துவிட்டுக் கிளிப் போட்டால் ஒன்றரை ஆண்டில் தாடை உள்ளே போய்விடும் என்றார்கள். 55,000 ரூபாய், தவணை உண்டு. முன்பணம் கட்டப் பையைத் திறந்துவிட்டு, என்னவோ தோன்றி மூடிவிட்டேன். கோயம்புத்தூரில் இன்னொருவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இப்போது எதையும் தொட வேண்டாம், வளர்ச்சி நின்ற பிறகு, அதாவது மூன்று வருடமாவது கழித்து, அறுவை சிகிச்சைதான் என்றார். திரும்பும்போது பர்லியாறு தாண்டும்வரை மகன் வாயே திறக்கவில்லை. பிறகு, "இந்த மூன்று வருடமும் நான் என்ன செய்வது?" என்று கேட்டான்.

மகளுக்கும் இப்போது முளைத்த கீழ் முன்பற்கள் வெளியேதான் நிற்கின்றன. அவளைப் பற்றி இரண்டு இடத்திலும் நான் கேட்கவே இல்லை. யார் சொல்வதை நம்புவது?

கோத்தகிரி தாத்தா எழுதியது:

அம்மா, இதற்கெல்லாம் அறுவை சிகிச்சையா? தினமும் குளித்தபின் மோவாயை உள்ளங்கையால் நூறு முறை உள்ளே அழுத்தச் சொல்லுங்கள். என் பேரனுக்கு அப்படித்தான் செய்தோம். ஆண்பிள்ளைக்குத் தாடி வந்தால் மீதியும் மறைந்துவிடும்.

பூம்பாறைப் பூண்டுத்தோட்டம் எழுதியது:

அக்கா, பையை மூடினீர்களே, நல்ல வேளை. நான் மூடாத வீட்டுப் பிள்ளை.

15 வயதில் எனக்கு இதையேதான் செய்தார்கள். எங்கே என்பது வேண்டாம். கீழே இரண்டு பற்களை எடுத்து, அந்த இடைவெளிக்குள் முன்பற்களைச் சாய்த்து இழுத்தார்கள். பதினெட்டு மாதத்தில் கீழ்ப்பல் உள்ளே, மேற்பல் வெளியே என்று வந்துவிட்டது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். மோவாய் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு அங்கேயும் நிற்கவில்லை, வளர்ந்துகொண்டே போனது. 19 வயதில் கீழ்ப்பல் மறுபடியும் வெளியே வந்துவிட்டது. பாயசம் வீண்.

23 வயதில் அறுவை செய்துகொண்டேன். அதற்கு முன் மறுபடி 16 மாதம் கிளிப். இந்த முறை வேலை தலைகீழ்: சாய்த்த பற்களை நிமிர்த்தி, எடுத்த பல்லின் இடத்தைத் திரும்பத் திறந்தார்கள். பற்கள் நிமிர நிமிரத் தாடை இன்னும் முன்னே வந்தது போலத் தெரியும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தை மகள் கல்யாணத்தில் போட்டோவுக்கு நின்றிருக்க மாட்டேன்.

அறுவையை வாய்க்குள்ளேயே செய்கிறார்கள், வெளியே தழும்பு இல்லை. கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் பிளந்து பின்னே நகர்த்தி டைட்டானியம் தகடு வைத்தார்கள். மேல்தாடையையும் 4 மி.மீ. முன்னே கொண்டுவந்தார்கள். பிறகு மேலும் கீழும் ரப்பர் வளையத்தால் கட்டி, கையில் சின்னக் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். வாந்தி வந்தால் உடனே ரப்பரை வெட்டிவிட வேண்டுமாம். எனக்கோ வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை ஏறினாலே குமட்டும். அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்த பிறகு ஏறவே மனம் வரவில்லை. வத்தலக்குண்டில் அக்கா வீட்டில் 12 நாள் கிடந்தேன். கேழ்வரகுக் கூழை வேட்டித்துணியில் வடிகட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் கொடுத்தாள். 6 கிலோ குறைந்தேன்.

கீழுதடு மரத்துப்போனது. பெரும்பகுதி ஏழெட்டு மாதத்தில் உணர்வுக்கு வந்தது. மோவாயில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் இன்னும் மரத்தே இருக்கிறது. தேநீர் வழிந்தால் மனைவி சொல்லித்தான் தெரியும். இதையும் உங்கள் மகனிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனாலும், எங்கள் தோட்டத்துப் பேரிக்காயை முன்பல்லால் முதன்முதலாகக் கடித்த அன்று, அதில் விழுந்த பல் அச்சைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

காரமடை பல்சீரமைப்பு மருத்துவர் எழுதியது:

பெரியவர் மன்னிக்க வேண்டும், உள்ளங்கை அழுத்தத்துக்கு எலும்பு நகராது. பேரனுக்கு நடந்தது வேறாக இருக்கலாம், அதற்குக் கீழே வருகிறேன்.

கிளிப் நகர்த்துவது பல்லை, தாடையை அல்ல. எட்வர்ட் ஆங்கிள் 1899இல் பல் கடியை மூன்று வகையாகப் பிரித்தார். அதில் இது மூன்றாவது வகை. ஆனால் அவர் பிரித்தது பல்லைப் பார்த்து. வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் சிலருக்குக் கீழ்த்தாடை நீண்டிருக்கும், சிலருக்கு மேல்தாடை வளராமல் பின்தங்கியிருக்கும், பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயான செபலோகிராமில் அளந்தால்தான் தெரியும். பல்லை எடுத்துச் சாய்ப்பதும் தவறான சிகிச்சை அல்ல. வளர்ச்சி நின்றவர், குறை லேசானது, தன் முகத்தைப் பற்றிக் கவலையில்லாதவர் என்றால் நானே செய்வேன். 16 வயதுப் பையனுக்கு, அதுவும் மூன்று தலைமுறையாக இருக்கும் வீட்டில், செய்ய மாட்டேன். ஆண்களுக்குக் கீழ்த்தாடை 18 தாண்டியும், சிலருக்கு 21 வரையும் வளர்கிறது. கோயம்புத்தூரில் எடுத்த படத்தைப் பத்திரமாக வையுங்கள். ஓர் ஆண்டு கழித்து இன்னொன்று எடுத்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பொருந்தும்வரை பல்லில் யாரும் கை வைக்க வேண்டாம்.

அவசரம் உங்கள் மகளுக்குத்தான் அம்மா, மகனுக்கு அல்ல. அவளை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, தாடையைத் தளரவிடச் சொல்லி, மோவாயை மெல்லப் பின்னே தள்ளியபடி வாயை மூடச் சொல்லுங்கள். முன்பற்கள் நுனியோடு நுனி தொட்டால், பல் இடிப்பதால் அவள் தாடையை முன்னே நகர்த்திக் கடிக்கிறாளோ என்று சந்தேகிக்கலாம். அது மட்டுமே காரணமென்றால் சின்னக் கருவியே போதும். பெரியவரின் பேரனும் இப்படிப்பட்டவனாக இருந்திருக்கலாம்.

மேல்தாடை பின்தங்கியிருந்தால் முகமாஸ்க் உண்டு. நெற்றியிலும் மோவாயிலும் பட்டை, அங்கிருந்து மேற்பல் கருவிக்கு ரப்பர். நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம், ஏறக்குறைய ஓர் ஆண்டு. பள்ளி நேரம் போக மீதி போதும். மேல்தாடையின் எலும்பு இணைப்புகள் இந்த வயதில் இளகலாக இருப்பதால் அது முன்னே வரும். 10 வயதுக்குப் பிறகு பலன் குறைந்துகொண்டே போகும். பதின்ம வயதில் கீழ்த்தாடை திரும்பவும் முந்திக்கொள்ளலாம், உத்தரவாதம் தர முடியாது. ஆனாலும் இந்த ஆண்டை விட்டுவிடாதீர்கள்.

குன்னூர் வர்க்கிக்கடை எழுதியது:

டாக்டர், மகளை உட்காரவைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் தொடுகிறது, இடப்பக்கம் ஒரு நூல் இடைவெளி. வரும் செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை, அன்றே அழைத்துப் போகிறேன். மாஸ்க் போட வேண்டியிருந்தால் ஜனவரிக்குள் போட்டுவிடு, அப்போது ஊரே குரங்குக் குல்லாவுக்குள் இருக்கும், யாருக்கும் தெரியாது என்கிறார் மாமியார். தாத்தா சொன்ன உள்ளங்கை வைத்தியத்தைத்தான் அவரும் சொல்கிறார்.

அந்தப் பல் மருத்துவமனையிலிருந்து ஆடித் தள்ளுபடி என்று இன்று காலையும் போன் வந்தது.

பூம்பாறைத் தம்பி, நீங்கள் எழுதியதை மகனிடம் படிக்கக் கொடுத்தேன். கத்தரிக்கோல் வரைக்கும் படித்துவிட்டு எழுந்து போனான். ராத்திரி கடை அடைக்கும்போது வந்து மீதியையும் படித்தான். உங்களிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னான். அறுவைக்குப் பிறகு குரல் மாறுமா? அந்த 16 மாதமும் நீங்கள் போட்டோவுக்கு எந்தப் பக்கம் திரும்பி நின்றீர்கள்?